வெயில்முத்துவின் ஒரே படம்

செண்பகவல்லி காலைக்கான காற்றைத் திறந்துவிட்டாள். சுவரிலிருந்த குமிழைத் திருப்பியதும் வீடு ஒரு பெருமூச்சு விட்டு விழித்துக்கொண்டது. பாசிமாவுத் தோசையைத் தட்டில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டுப் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். வெயில்முத்துவுக்கு ஐம்பத்தெட்டு வயது. அவர் முகத்துக்கு இருபத்தொன்பது. கறுகறுவென்ற மீசை, கோடு விழாத நெற்றி, யார் என்ன சொன்னாலும் சம்மதம் என்பதுபோல் உதட்டோரம் ஒரு சிரிப்பு. கல்யாணத்துக்கு முதல் நாள் பதிவு அலுவலகத்தில் கொடுத்த முகம் அது. அன்றிலிருந்து மாறவில்லை.

நிலவின் பாறைக்கு அடியில் இருந்த வெண்குகை என்ற அந்த ஊரில் வளர்ந்தவர்கள் எல்லாருக்கும் முகம் அப்படித்தான். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்த முதல் தலைமுறை நாள் முழுக்கத் தலைக்கவசத்தோடு அலைந்தது. கவசத்துக்குள் இருப்பது கொழுந்தனா கொத்தனாரா என்று தெரியாமல் பெரிய சங்கடமாகிப் போயிற்று. அதற்காகக் கண்டுபிடித்ததுதான் ஒப்பனி. கண்ணுக்குப் பின்னால் குருணை அரிசி அளவில் அதைப் பொருத்திவிடுவார்கள். எதிரே நிற்பவரின் உடம்பையும் நடையையும், இல்லாவிட்டால் ஆளடையாளச் சீட்டையும் வைத்து ஆள் யாரென்று அது கண்டுகொள்ளும். பிறகு முகம் இருக்க வேண்டிய இடத்தில் அவர் பதிவு செய்த முகத்தை வரைந்து காட்டும். ஆள் கவசம் போட்டிருந்தாலும் சரி, போர்வையை இழுத்து மூடிப் படுத்திருந்தாலும் சரி. கண்ட காட்சிகளையெல்லாம் சேர்த்தும் வைக்கும். வேண்டும்போது எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

பிறகு ஊருக்குள் காற்று வந்தது, கவசம் போயிற்று. ஒப்பனி போகவில்லை. பிரசவ உதவிக்கு வந்த ஒன்றுவிட்ட மச்சினன் மாதிரி, வந்த காரியம் முடிந்தும் வீட்டோடு தங்கிவிட்டது. முதலில் பருவை மறைத்தது, அப்புறம் தழும்பை, அப்புறம் நரையை, கடைசியில் வயதையே. வெண்குகையில் எவரும் இன்னொருவரின் முகத்தைப் பார்த்தது கிடையாது. பார்க்கவில்லையே என்று குறைப்பட்டதும் கிடையாது.

"செம்பகம், இந்தா. இத வச்சு என்னைய ஒரு படம் எடு" என்றார் வெயில்முத்து. நீட்டியது ஒரு பழைய ஃபிலிம் கேமரா.

"தோசை ஆறுது."

"ஆறட்டும். ரோல் போட்டிருக்கேன். நெசமான ரோல்."

"உங்க மூஞ்சிய நான் பாக்காததா?"

"அதுல பாத்ததில்லல்ல?"

அவள் எரிச்சலோடு வாங்கிக்கொண்டாள். அந்த எரிச்சலுக்கு வயது அவர்கள் கல்யாணத்தின் வயது. பூமியிலிருந்து பொருள் வரவழைக்க ஒவ்வொரு குடும்பத்துக்கும் வருஷத்துக்கு ஓர் எடை ஒதுக்கீடு உண்டு. மற்ற வீடுகளில் அதில் புளி வரும், மிளகாய் வற்றல் வரும். செண்பகவல்லி வீட்டில் கேமரா வரும். 'லென்ஸ் பளிங்கு, பூஞ்சை துளிகூடக் கிடையாது' என்று பூமியில் விற்பவன் சத்தியம் செய்திருப்பான். பெட்டியைத் திறந்தால் லென்ஸுக்குள் பூஞ்சை மாக்கோலம் போட்டிருக்கும். நிலவில் யாரும் தண்ணீர் ஊற்றாமல் வளர்ந்த ஒரே பயிர் அதுதான் என்பாள் அவள். அப்புறம் வாரக்கணக்கில் ரிப்பேர். நிலவில் ஒரு திருகாணி கை தவறினால் அது விழலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்துத்தான் கீழே வரும். வந்ததும் அலமாரிக்கடியில் போய் ஒளிந்துகொள்ளும். வெயில்முத்து தரையில் குப்புறக் கிடந்து தேடுவார். கடைசியில் ஒருநாள் ஷட்டர் உயிர்பெற்று 'டக்' என்று அடிக்கும். அந்தச் சத்தத்தைக் காதில் வைத்துக் கேட்டுப் பரவசப்பட்டுவிட்டு, கேமராவை அலமாரியில் மற்றவற்றோடு நிற்க வைப்பார். கதை அவ்வளவுதான். படம் என்று ஒன்று அதிலிருந்து வந்ததே இல்லை. கேட்டால், வானத்திலிருந்து ஓயாமல் கொட்டும் கதிர்களில் ஃபிலிம் வெளிறிவிடும் என்பார். சோறு ஆக்க முடியாத ஊரில் பானை சேர்க்கிற வேலை.

"முழங்கைய ஒடம்போட ஒட்டி வையி. பெட்டி ஆடுது பாரு. மூச்சப் பிடி."

"மூச்சப் பிடிச்சுக்கிட்டு எப்படிங்க இருக்க? காத்துக்கு வரி கட்டுறோம்ல."

எதிரே அவர் எப்போதும்போலச் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் அமுக்கினாள். டக்.

"ஷட்டர் கொஞ்சம் மந்தம்" என்றார் திருப்தியோடு. ஆறிய தோசையைத் தின்றுவிட்டு, பூமியிலிருந்து வந்திருந்த இன்னொரு கேமராவை வாங்கிவர இறங்குதளத்துக்குக் கிளம்பினார்.

திரும்பி வரும்போது குழாய்வண்டியின் பெட்டி பிளந்து காற்று வெளியே போய்விட்டது. மடியில் வைத்திருந்த பார்சலுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

காற்றில்லாத வெளியில் இறந்தவர்களைத் தகரப் பெட்டியில் வைத்து மூடிப் பற்றவைத்துத்தான் வீட்டுக்குக் கொடுப்பார்கள். திறக்கக் கூடாது என்பது ஊர்ச் சட்டம். ஒப்பனிக்கு அந்தச் சட்டமெல்லாம் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஆளடையாளச் சீட்டு. அது பெட்டிமேல் ஒட்டியிருந்தது. ஆகவே மூடியின் மேல்பக்கத்தில், தலை இருக்க வேண்டிய இடத்தில், இருபத்தொன்பது வயது வெயில்முத்து கறுத்த மீசையோடு சிரித்துக்கொண்டிருந்தார். வந்த சனம் எல்லாம் தகரத்தைப் பார்த்து அழுதது.

"அண்ணன் தூங்குற மாதிரியே இருக்காக மதினி" என்றார் ஞானதிரவியம். அவரும் கேமரா சேர்க்கிறவர், வெயில்முத்துவின் கூட்டாளி.

"கண்ணத் தெறந்துக்கிட்டா?" என்றாள் செண்பகவல்லி.

அவள் அந்தக் கன்னத்தைத் தொட்டாள். சில்லென்று தகரம். கையை எடுத்த பிறகும் முகம் சிரித்தது.

சனம் போனதும், அவருடைய அசல் முகம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. ஒப்பனி சேர்த்து வைத்திருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். அவள் அம்மா செத்த அன்று தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவர் சிரித்தார். அவள் வயிற்றுப் பிள்ளை தங்காமல் போன அன்று கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து தேம்பினார். தேம்பல் காதில் கேட்டது, முகம் சிரித்தது. இத்தனை வருஷம் ஒரு மனிதனோடு குடித்தனம் செய்திருக்கிறாள். அவன் அழும்போது மூக்கு சிவக்குமா, வாய் கோணுமா என்று அவளுக்குத் தெரியாது.

அப்போதுதான் அந்தக் காலை நினைவுக்கு வந்தது. கேமராவுக்கு ஒப்பனி கிடையாது. அதற்கு முன்னால் இருந்தது என்னவோ அதுதான் ஃபிலிமில் விழுந்திருக்கும். அவருடைய முகம் உலகத்தில் ஓரிடத்தில் இருக்கிறது என்றால் அது அந்தச் சுருளில்தான். ஒரே ஒரு தடவை அதைப் பார்த்துவிட வேண்டும்.

அதற்கு அவள் யாரைக் கண்டாலே ஒதுங்கிப் போவாளோ அவர்களிடமே போக வேண்டியிருந்தது.

வெண்குகைப் பழங்கேமரா கழகத்துக்கு ராஜகனி அண்ணாச்சி தலைவர். பதிவுமுகத்தில் அவர் ராஜா. அடர்ந்த முடி, அரிவாள் மீசை. செண்பகவல்லி கேமராவோடு உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்றார்.

"வாங்க தங்கச்சி. வெயில்முத்து போனது இந்தக் கழகத்துக்கே கை ஒடிஞ்ச மாதிரி. என்னத்தச் சொல்ல!" ஒரு கணம் துக்கமாக இருந்துவிட்டு, "அந்தப் பார்சலு நல்லா இருக்குதா?" என்றார்.

"அது நல்லா இருக்கு அண்ணாச்சி. அவருதான் இல்ல."

"இல்ல, ஆடி அசைஞ்சிருந்தா ஷட்டர் திரை மடங்கிரும். அதான் கேட்டேன்."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, வந்த விஷயத்தைச் சொன்னாள். ரோல் இருக்கிறது. கழுவி, ஒரு பிரிண்ட் போட்டுத் தர வேண்டும். ஒருவர் தொண்டையைக் கனைத்தார். இன்னொருவர் தன் கேமராவின் தோல் உறையைத் தடவினார்.

"கழுவத் தெரியும்ல?" என்று கேட்டாள்.

"தெரியாம என்ன தங்கச்சி! அதுக்குன்னு சில மருந்து இருக்கு... அதக் கலக்கி..." ராஜகனி ஞானதிரவியத்தைப் பார்த்தார். ஞானதிரவியம் கூரையைப் பார்த்தார்.

செண்பகவல்லிக்குப் புரிந்துவிட்டது. "இத்தன பேர்ல ஒருத்தர்கூட இதுல ஒரு படம் எடுத்ததில்லையா?"

"ரோல் போட்டா உள்ள ரெண்டு கோடு விழுந்துரும் மதினி. பெறகு பூமியில எவனும் சீண்ட மாட்டான்" என்றார் ஞானதிரவியம்.

"கல்யாணமே பண்ணாம வீடு நெறையத் தாலி வாங்கி அடுக்குன மாதிரியில்ல இருக்கு!"

"இது வேற ரசனை தங்கச்சி" என்றார் ராஜகனி பெருந்தன்மையோடு. "படம் எடுக்கிறது எல்லாரும் செய்யிறது. படம்கிறது எப்படியும் வந்துரும். இதோட சத்தம் இருக்கு பாருங்க, அது வராது. ஆனா ஒண்ணு, ஃபிலிம் பொய் சொல்லாது. நான் தலைபாடா அடிச்சுக்கிறேன், இந்த ஊரு கேக்க மாட்டேங்குது."

கடைசியில் ஒப்புக்கொண்டார்கள், அந்தப் பார்சல் கேமராவைக் கழகத்துக்குக் கொடுத்துவிடுவது என்ற பேச்சின் பேரில். மருந்து கலக்கக் கற்றுக்கொள்ள ஞானதிரவியத்துக்கு அவகாசம் வேண்டும். மாதக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் படத்தைத் திறந்து வைப்பார்கள். கழகத்தின் சரித்திரத்தில் முதல் படமல்லவா!

திரும்பும் வழியில் செண்பகவல்லிக்கு வேறொரு யோசனை வந்து நெஞ்சில் குத்தியது. தகரத்தின் மேலேயே முகம் வரைகிற ஒப்பனி, ஒரு காகிதத்தின் மேல் வரையாதா? ஃபிலிம் பொய் சொல்லாமல் இருக்கலாம். அதைப் பார்க்கப் போகிற கண்?

கழகத்தில் ஒருவருக்கும் தோன்றாத அந்த யோசனையோடு அவள் கண் நிலையத்துக்குப் போனாள். அங்கே இருந்தவள் மாரிக்கனி. ரோஜாப்பூ மாதிரி இளமுகம்.

"ஒப்பனிய எடுக்கணும்மா."

"மாத்தணுமா அக்கா?"

"எடுக்கணும்."

மாரிக்கனி கையிலிருந்ததைக் கீழே வைத்தாள். "அக்கா, புருசன் போன துக்கத்துல வாரவுக எல்லாம், அவுக முகத்த இன்னுங்கொஞ்சம் பளிச்சுனு ஆக்கித் தான்னுதான் கேப்பாக. எடுன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. எடுத்தா மறுபடி வைக்க முடியாது, கண்ணு ஏத்துக்காது. உள்ள சேந்து கெடக்கிறதும் சேத்துப் போயிரும். அவுக முகம், சிரிப்பு, எல்லாம்."

"அது அவுக முகம் இல்லம்மா."

"இருக்கிறது அதுதானக்கா?"

செண்பகவல்லி கையில் இருந்ததெல்லாம் அந்தப் பொய்ச் சிரிப்புத்தான். அதையும் கொடுத்துவிட்டால் திரும்பி வர வழியில்லை. இத்தனை வருஷக் காலைகளையும் ஒரு காகிதத்துக்கு மாற்றாகக் கொடுக்கிறாள்.

"எடு" என்றாள்.

கண்ணைத் திறந்தபோது எதிரே ஒரு நடுவயதுப் பெண் நின்றாள். கன்னத்தில் பழைய தீக்காயம். ரோஜாப்பூவைக் காணோம்.

"என்னக்கா அப்படிப் பாக்குறீக?" என்றாள் மாரிக்கனியின் குரலில். கை தானாகவே கன்னத்தை மறைத்தது.

"ஒண்ணுமில்ல. நல்லா இருக்கே" என்றாள் செண்பகவல்லி. அதைச் சொன்னபோது பொய் சொல்வதாக அவளுக்குத் தோன்றவில்லை.

தெருவில் நடந்தது திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த மாதிரி இருந்தது. தெரிந்த குரலெல்லாம் தெரியாத வாய்களிலிருந்து வந்தது. தொங்கிய தாடை, பாதி புருவம், கண்ணடியில் பை. சும்மா நடந்துபோகிற ஒருவர் தனக்குத்தானே முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். யாருக்கும் தெரியாது என்ற தைரியம். ஒருத்தி வாயெல்லாம் கோண அழுதுகொண்டே போனாள். அவளோடு பேசிக்கொண்டு போனவள் ஏதோ ஊறுகாய்ப் பக்குவம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாதக் கூட்டத்துக்குப் போனாள். வாசலிலேயே கால் நின்றுவிட்டது.

உள்ளே யாருக்கும் முகம் இல்லை. உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரும் ஒரு கேமராவைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்திருந்தார். ஒருவர் இன்னொருவரைப் பார்த்துப் பேசினார், கேமராவுக்குள்ளிருந்து. அவர் பதில் சொன்னார், கேமராவுக்குள்ளிருந்து. ஒருவர் அந்தக் கோலத்திலேயே கீழ்ப்பக்கமாக முறுக்கை வாய்க்குள் தள்ளினார். டக், டக் என்று அங்கங்கே ஷட்டர் சத்தம். எதிலும் ரோல் கிடையாது. எதிரே இருப்பவருக்கு ஒப்பனி முழு முகத்தையும் வரைந்து காட்டிவிடுவதால் இது எவருக்கும் தெரிந்ததில்லை. கேமராவைக் கீழே இறக்க வேண்டிய கட்டாயமும் எவருக்கும் வந்ததில்லை. அவள் போன தடவை வந்தபோதும் இப்படித்தான் இருந்திருப்பார்கள். வெயில்முத்து துக்கத்துக்கு வந்தபோதும்கூட இருக்கலாம்.

"வாங்க தங்கச்சி!" என்றது பெரிய லென்ஸ் ஒன்று. அதற்கு மேலே ஒரு வழுக்கைத் தலை, கீழே பல்லில்லாத வாய். "நல்ல நேரத்துல வந்தீக. எல்லாரும் கிட்ட வாங்கப்பா."

திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது. போகவில்லை.

ராஜகனி பலகைமேல் இருந்த துணியை விலக்கினார். கேமராக்கள் எல்லாம் முன்னால் சாய்ந்தன.

"ஆத்தாடி!" என்றார் ஞானதிரவியம். "அண்ணன் அப்படியே இருக்காக!"

"இதத்தான் நான் சொன்னேன்" என்றார் ராஜகனி; குரல் தழுதழுத்தது. "ஒப்பனி காட்டுன முகத்துக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். இதுதான்யா மனுச முகம். ஃபிலிம் பொய் சொல்லாதுன்னு சொன்னேன்ல?"

"கண்ணோரத்துல அந்தச் சுருக்கத்தப் பாருங்க மதினி. உசுரோட்டம்னா அதான்!"

செண்பகவல்லி பார்த்தாள். சாம்பல் நிறத்தில் ஒரு படம். கதிர்கள் பட்ட இடமெல்லாம் உதிர்ந்த நொய் மாதிரி வெள்ளைப் புள்ளி. நடுவில் ஒரு மனிதர் மேசையில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றி உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. பெரிய காதுகள். காதுமடலில் நரைத்த முடி. விரல் நுனிகளில் எண்ணெய்க் கறை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு கேமரா இருந்தது.

அவள் பெட்டியைச் சரியாகப் பிடிக்கிறாளா, முழங்கை ஒட்டியிருக்கிறதா, மூச்சு நிற்கிறதா என்று அவர் தன் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அதைச் சொல்லிக்கொடுத்த ஆள், படம் எடுக்கும்போது முகத்தைக் காட்ட வேண்டும் என்பதை மறந்துவிட்டார். அவள் மட்டும் என்ன? அவளும்தான் ஒரு பெட்டியை முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டு, தோசை ஆறுகிறதே என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணில் அப்போதும் ஒப்பனி அவளுக்கு இருபத்துநான்கு வயதை வரைந்திருக்கும்.

"சிரிக்கிறாகளா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"நல்லாக் கேட்டீக போங்க! வாய் நெறையச் சிரிக்கிறாரு. உங்களுக்குத் தெரியலையா?"

அவள் படத்தைக் கையில் எடுத்தாள்.

"தங்கச்சி, அது இங்கனயே இருக்கட்டுமே. சொவத்துல மாட்டிருவோம். கழகத்துக்குப் பெருமை."

"முகத்த நீங்க பாத்தாச்சுல்ல அண்ணாச்சி?" என்றாள். "மிச்சத்த நான் கொண்டுபோறேன்."

வெளியே வரும்போது பின்னால் விவாதம் தொடங்கியிருந்தது. அந்தப் பார்சல் கேமராவை யார் வீட்டு அலமாரியில் வைப்பது என்று.

வீட்டில், அந்தக் காலையில் அவர் பிடித்திருந்த கேமராவை அலமாரியில் தேடி எடுத்தாள். படத்தில் இருந்ததுபோலவே மூலையில் சிறு நசுங்கல். பின்கதவைத் திறந்து பார்த்தாள். ரோல் இல்லை. இருந்திருந்தாலும் அதில் கிடைப்பது ஒரு பெண்ணும் ஒரு கேமராவும்தான். மூடி, இருந்த இடத்தில் வைத்தாள்.

படத்தை மேசைமேல் சாய்த்து வைத்து, அவருடைய கைகளை வெகுநேரம் பார்த்தாள். அதற்கப்புறம்தான் பின்னணி கண்ணில் பட்டது. அவர் தோளுக்குப் பின்னால் அடுப்படிக் குழாய். அதன் கழுத்தில் அவள் சுற்றிக் கட்டிய பழந்துணி. கீழே, சொட்டுகிற தண்ணீரைப் பிடிக்க வைத்த கிண்ணம். நூறு வருஷத்து ஷட்டரைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவரிடம், அந்தக் குழாயைச் சரிசெய்யும்படி எத்தனை தடவை சொல்லியிருப்பாள்.

திரும்பிப் பார்த்தாள். குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது.